ஒரு வரி சேர்க்க என்ன ஆகும்?

'ஆப்ளிவியன்' என்ற வீடியோ கேமில் டான்டில்வே என்றொரு பெண் பாத்திரம் உண்டு. பேரரசின் தலைநகரில், கோயிலில் இருப்பாள். பேச்சுக் கலையில் கரைகண்டவள். மற்றவர்களுக்கு அதைப் பயிற்றுவிப்பவள். அவள் பேசும்போது ஓரிடத்தில் வேடிக்கை நடக்கும். ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன் என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்துவிட்டு, அதே வரியை மறுபடி தொடங்குவாள். முணுமுணுத்தது ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னால் நின்ற நடிகை! வெட்டி எறிந்திருக்க வேண்டிய துண்டு, 2006-ல் விற்பனைக்கு வந்த கேமுக்குள் அப்படியே போய்விட்டது. 2025-ல் அந்த கேம் புது மெருகோடு மறுபடி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது.

இவ்வளவு பெரிய தயாரிப்பில் இது எப்படி யார் கண்ணிலும் படாமல் போனது? சினிமா வசனத்தை யாராவது முதல் காட்சி தொடங்கி வரிசையாகக் கேட்டுவிடலாம். கேமின் வசனத்துக்கு வரிசையே கிடையாது. ஒவ்வொரு வரியும் தனித்தனி ஒலிக் கோப்பு. எந்த வரி எப்போது, யார் வாயிலிருந்து வரும் என்பதை நாம் விளையாடும் நேரத்தில்தான் கணினி முடிவுசெய்கிறது. அது முடிவுசெய்யும் விதத்தில் இருக்கும் சாமர்த்தியத்தைப் பார்க்க, இந்த கேம் இடம்பெற்ற 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' தொடரைவிட நல்ல இடம் இல்லை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் பெதெஸ்டா நிறுவனத்தின் தொடர் இது. டாம்ரியல் என்ற கற்பனைக் கண்டத்தில் நடக்கிறது. 1994-ல் 'அரீனா', 1996-ல் 'டாகர்ஃபால்', 2002-ல் 'மோரோவிண்ட்', 2006-ல் 'ஆப்ளிவியன்', 2011-ல் 'ஸ்கைரிம்' என ஐந்து முதன்மைப் பாகங்கள். வாளும் மந்திரமும் டிராகனும் இதே வகை கேம்கள் பலவற்றிலும் உண்டு. இந்தத் தொடரின் தனிச்சிறப்பு வேறு. மோரோவிண்ட் முதற்கொண்டு, கேமை உருவாக்கிய கருவியையே விளையாடுபவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைக் கொண்டு ரசிகர்கள் செய்யும் மாற்றங்களுக்கு 'மோட்' என்று பெயர், செய்பவர்கள் மோடர்கள்.

வசனத்தின் கதையை டாகர்ஃபாலில் தொடங்குவோம். அதன் வரைபடத்தில் ஊர்களும் குகைகளும் கோட்டைகளுமாக 15,000-க்கும் மேற்பட்ட இடங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கணினியே விதிகளின்படி உருவாக்கியது. அத்தனை ஊர்க்காரர்களுக்கும் யார் உட்கார்ந்து வசனம் எழுதுவது? அதனால் இடைவெளி விட்ட வாக்கியங்களை எழுதிவைத்தார்கள். ஊர்ப் பெயர், கடவுள் பெயர், நம் பெயர் வரவேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு குறியீடு. பேச்சு நடக்கும் நொடியில் கணினி அந்தக் குறியீட்டை எடுத்துவிட்டுச் சரியான பெயரைப் போட்டுவிடும். கேட்கிற தொனியையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்: பணிவாக, சாதாரணமாக, வெடுக்கென்று. பிரபுக்களிடம் நாசூக்கு எடுபடும். தெருவில் நிற்பவரிடம் தெருப்பேச்சு எடுபடும்.

மோரோவிண்டில் இந்த யோசனை பல மடங்கு கூர்மையானது. ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் திரையில் ஒரு பெட்டி திறக்கும். அதில் அவர் சொல்வது எழுத்தாக வரும்; பக்கத்தில் நாம் கேட்கக்கூடிய தலைப்புகளின் பட்டியல் இருக்கும். அவர் பேச்சின் நடுவே ஏதாவது ஒரு சொல் வேறு நிறத்தில் தெரியும். அதைத் தொட்டால் அதுவே புதிய தலைப்பு. இனி அந்தத் தலைப்பைப் பற்றி வேறு ஊரில் வேறொருவரிடமும் விசாரிக்கலாம்.

இதன் பின்னால் இருப்பது ஓர் அட்டவணை. 'இந்த ஊர்' என்று ஒரு தலைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கீழே நான்கு வரிகள். முதல் வரி, பேசுபவர் திருடர் சங்கத்தைச் சேர்ந்தவராகவும் நம்மீது 70-க்குக் குறையாத பிரியம் உள்ளவராகவும் இருந்தால் மட்டும். இரண்டாவது, அவர் பால்மோரா நகரில் இருந்து, பிரியம் 30-ஆவது இருந்தால். மூன்றாவது, பால்மோராவில் யாராக இருந்தாலும். நான்காவதுக்கு நிபந்தனையே இல்லை. நாம் தலைப்பைத் தொட்டதும் கணினி மேலிருந்து கீழே வருகிறது. எல்லா நிபந்தனையும் பொருந்துகிற முதல் வரி எதுவோ அதைப் பேசவைத்துவிட்டு நின்றுவிடுகிறது. அவ்வளவுதான்! நிபந்தனையில்லாத நான்காவது வரியைத் தவறிப்போய் உச்சியில் வைத்துவிட்டால் மற்ற மூன்றும் என்றைக்கும் வாய் திறக்காது. ஆகவே மோரோவிண்டுக்கு வசனம் எழுதுகிறவருக்குச் சொல்வளம் மட்டும் போதாது, கறாரான நிபந்தனையை மேலேயும் தளர்வானதைக் கீழேயும் அடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நிபந்தனைகளின் வகைகளைப் பார்த்தால் அசந்துபோவோம். பேசுபவரின் இனம், பால், தொழில், சங்கம், சங்கத்தில் பதவி, நிற்கும் இடம், நம்மீது 0 முதல் 100 வரையிலான பிரியம் ஆகியவை அடிப்படை. இவை போக ஒவ்வொரு வரிக்கும் இன்னும் ஆறு நிபந்தனைகள் சேர்க்கலாம். நம் பையில் குறிப்பிட்ட பொருள் இருக்கிறதா? இன்னார் இறந்துவிட்டாரா? நம் தலைக்கு விலை வைத்திருக்கிறார்களா? நமக்கு நோய் பிடித்திருக்கிறதா? உடுத்தியிருக்கும் உடை எவ்வளவு பெறும்? இத்தனையும் அந்த அட்டவணையில் கேட்கக்கூடிய கேள்விகள். வணக்கம் சொல்வதற்குக்கூடச் சுழியம் முதல் ஒன்பது வரை பத்து அடுக்குகள் உண்டு. அவசரச் செய்தி மேல் அடுக்கில் இருக்கும். சும்மா நலம் விசாரிப்பது கடைசி அடுக்கில் கிடக்கும்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு சிறிய பெட்டி உண்டு. வரி பேசப்பட்டதும் அந்தப் பெட்டியில் உள்ள கட்டளை நிறைவேறும். நம் நாட்குறிப்பில் ஒரு பதிவு ஏறும், கைக்கு ஒரு சாவி வரும், பிரியம் கூடும், அல்லது எதிரில் நிற்பவர் கத்தியை உருவுவார். கதை நகர்வது பெரும்பாலும் இந்தப் பெட்டிகளால்தான். வசனம் என்று நாம் நினைத்தது பாதி வசனம், பாதி எந்திரம்.

இந்த எந்திரத்தைத்தான் பெதெஸ்டா திறந்துகொடுத்தது. மோரோவிண்டின் பிசி பதிப்போடு 'கன்ஸ்ட்ரக்ஷன் செட்' என்ற கருவியும் சேர்ந்தே வந்தது. மேலே சொன்ன அட்டவணையை அதில் யாரும் திறந்து பார்க்கலாம், நடுவில் ஒரு வரியைச் சேர்க்கலாம். மூலக் கோப்பு கெட்டுப்போகுமே என்ற பயம் வேண்டாம். மாற்றங்கள் மட்டும் தனியே ஒரு சிறு கோப்பில் சேமிக்கப்படும். 'பிளகின்', தமிழில் செருகுநிரல் என்பது அதுதான். கேம் தொடங்கும்போது முதலில் மூலக் கோப்பையும், பிறகு செருகுநிரல்களை ஒவ்வொன்றாகவும் படிக்கிறது. ஒரே பொருளை இரண்டு செருகுநிரல்கள் மாற்றியிருந்தால் கடைசியாகப் படிக்கப்பட்டதே செல்லும். சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுவது மாதிரி: கடைசியாக ஒட்டியவரின் கதாநாயகன்தான் தெருவுக்குத் தெரிவார், அடியில் இருப்பவை கிழியாமல் பத்திரமாக இருக்கும். மோட் பிடிக்கவில்லையா, எடுத்துவிட்டால் மூலம் அப்படியே தெரியும்.

வசனத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதாது, ஏனென்றால் அங்கே வரிசைதான் உயிர். அதற்கும் ஒரு வழி கண்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியும் தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்ற இரண்டு அடையாளங்களைத் தன்னோடு சுமக்கிறது. புதிதாக வருகிற வரி 'நான் இவருக்குப் பின்னால், அவருக்கு முன்னால்' என்று சொல்லிக்கொண்டு இடையில் நுழைந்துவிடும். இரண்டு மோட்கள் ஒரே இடைவெளிக்கு அடித்துக்கொண்டால் சிக்கல்தான். வரிசை குழம்பி, பேச வேண்டியவர் பேசாமல் போவதும் உண்டு. ஆனால் ஒரு வரியைச் சேர்க்க ஆகும் செலவு? தட்டச்சு செய்யும் நேரம் மட்டும்.

செலவு இவ்வளவு குறைவாக இருந்தால் மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு 'டாம்ரியல் ரீபில்ட்' சாட்சி. மோரோவிண்ட் கேம் காட்டுவது வார்டன்ஃபெல் என்ற தீவை மட்டும்தான். அந்தத் தீவு அடங்கிய மோரோவிண்ட் மாகாணத்தின் பெரும் நிலப்பரப்பு கேமுக்கு வெளியே இருந்தது. அதை நாமே கட்டிவிடலாம் என்று 2001-ல், கேம் வெளிவருவதற்கு முன்பே, ரசிகர்கள் சிலர் கிளம்பினார்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வேலை மட்டும் இருபது ஆண்டுகளைத் தாண்டி இன்னும் நடக்கிறது. நகரம் நகரமாக, பகுதி பகுதியாக வெளியிடுகிறார்கள். அங்கே நடமாடும் அத்தனை பேருக்கும் ஊர்க்கதை தெரியும், உள்ளூர் வம்பு தெரியும். எல்லாம் எழுத்து என்பதால் இது கைகூடியது.

அடுத்து வந்த ஆப்ளிவியனில் எல்லோரும் வாய்விட்டுப் பேசினார்கள். தொடக்கக் காட்சியிலேயே பேரரசராகப் பாட்ரிக் ஸ்டூவர்டின் குரல். அவர் மகனாக ஷான் பீன். விளையாடியவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் குரலுக்கு ஒரு விலை இருந்தது. முதலில் பறிபோனது நம் பெயர். மோரோவிண்டில் எழுத்தின் நடுவே ஒரு குறியீட்டைப் போட்டால், நாம் நமக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் எதிரில் இருப்பவர் அந்தப் பெயரால் அழைப்பார். பதிவுசெய்த குரலில் அது நடக்காது. அதனால்தான் ஆப்ளிவியனில் நம்மை 'க்வாட்ச் நகரின் வீரர்' என்றும் ஸ்கைரிமில் டிராகன் வழிவந்தவர் என்றும் பட்டப்பெயரால் கூப்பிடுகிறார்கள். பெதெஸ்டாவின் இன்னொரு கேமான 'ஃபால்அவுட் 4'-ல், 2015-ல், ஓர் எந்திரப் பணியாளனை விளையாடுபவரின் பெயர் சொல்லி அழைக்கவைத்தார்கள். அதற்காக ஏறத்தாழ ஆயிரம் பெயர்களை நடிகர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது!

இரண்டாவது விலை, ஆள் பற்றாக்குறை. ஆப்ளிவியனில் பத்து இனங்கள். ஆனால் மூன்று வகை எல்ஃப் இனத்து ஆண்களுக்கும் ஒரே குரல். பல்லி மனிதர்களுக்கும் பூனை மனிதர்களுக்கும் ஒரே குரல். பிச்சைக்காரர்களின் பாடு இன்னும் தமாஷ். அவர்களுக்கென்று தனியாகப் பதிவுசெய்த சில வரிகளில் குரல் நடுங்கும். பொதுவான வரி வந்ததும் அதே ஆள் கம்பீரமாகப் பேசுவார். தெருவில் இரண்டு பாத்திரங்கள் சந்தித்தால் கணினியே அவர்களுக்கு உரையாடல் அமைக்கும்: ஒரு வணக்கம், அந்த நேரத்துக்கு நிபந்தனை பொருந்துகிற ஏதாவது ஒரு செய்தி, ஒரு விடைபெறல். நேற்று ஒரு நகரமே எரிந்துபோனதைச் சொல்லி முடித்த கையோடு, முகம் மாறாமல் விடைபெற்றுப் போவார்கள். மோரோவிண்டின் அட்டவணைதான் இங்கேயும் வேலை செய்கிறது. எழுத்தாக வந்தபோது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுவேலை, குரலாக வந்ததும் காதில் உறுத்தியது.

மூன்றாவது விலையைக் கொடுத்தவர்கள் மோடர்கள். புதிய வரியை எழுதிவிடலாம், பேசுவது யார்? சும்மா விட்டுவிடவும் முடியாது. ஒரு வரி எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதை கேம் அதன் ஒலிக் கோப்பின் நீளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஒலிக் கோப்பு இல்லையென்றால் நீளம் சுழியம். எழுத்து மின்னலாகத் தோன்றி மறைந்துவிடும், படிக்கவே முடியாது.

இதற்கு மோடர்கள் கண்ட தீர்வு என்ன தெரியுமா? மௌனத்தைப் பதிவுசெய்தார்கள்! வரியின் நீளத்துக்குத் தக்கபடி சில நொடிகள் ஓடும் வெற்று ஒலி. கேம் அதை ஒலி என்று நம்பி இயக்கும். அது ஓடி முடியும்வரை எழுத்து திரையில் நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் கையால் இதைச் செய்துகொண்டிருக்காமல், ஒலி இல்லாத வரி எது வந்தாலும் தானாகவே மௌனத்தைப் பொருத்துகிற மோட்களும் ஆப்ளிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் வந்தன. இவை 'ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்' என்ற இன்னொரு ரசிகர் படைப்பின் மேல் ஏறி நிற்பவை. நிறுவனம் தராத கட்டளைகளை, ஓடிக்கொண்டிருக்கும் கேமுக்குள் புகுந்து சேர்க்கும் நிரல் அது. ஒரு மோட் நிற்பதற்கு இன்னொரு மோட் அடித்தளம் போடுகிறது.

ஸ்கைரிமுக்கு வருவோம். பெதெஸ்டா சொன்ன கணக்குப்படி, 70-க்கும் மேற்பட்ட நடிகர்கள், 60,000-க்கும் மேற்பட்ட வரிகள். வரிக்கு நான்கு நொடி என்று வைத்தாலே, தூங்காமல் கேட்டு முடிக்க 67 மணி நேரம் ஆகும். ஆனாலும் ஊருக்கு ஊர் மனிதர்கள் இருக்கும் நிலத்தில் 70 குரல் எம்மாத்திரம்? எனவே பாத்திரங்களைக் 'குரல் வகை'களாகப் பிரித்தார்கள்: நார்ட் இனத்து ஆண், இளம்பெண், முதியவர், கோழை என்பது போல. ஒரு வகைக்கு ஒருமுறை பதிவுசெய்த வரிகளை அந்த வகையினர் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முன்பொரு காலத்தில் தானும் சாகச வீரன்தான், முழங்காலில் அம்பு பட்டுவிட்டது என்று புலம்பும் காவலரின் வரி உலகப் பிரசித்தி பெற்றதற்குக் காரணம் இதுதான். நகரம் எதுவானாலும் காவலர்கள் அதே வரியைச் சொன்னார்கள்.

ஸ்கைரிமில் இன்னொரு நுட்பம், கேமே உருவாக்கிக்கொள்ளும் வேலைகள். எந்தக் குகைக்குப் போக வேண்டும், யாரை விரட்ட வேண்டும் என்பதைக் கணினி அப்போதைக்கப்போது தேர்ந்தெடுக்கும். வேலை கொடுப்பவர் வாயால் குகையின் பெயரைச் சொல்ல முடியாது, பதிவில் அது இல்லையே. அதனால் அவர் பட்டும் படாமலும் பேசுவார். குகையின் பெயர் நம் பணிப்பட்டியலில் எழுத்தாக ஏறும். டாகர்ஃபாலின் பழைய இடைவெளி வாக்கியம் செத்துப்போகவில்லை. வாயிலிருந்து இறங்கித் தாளில் குடியேறியிருக்கிறது.

ஸ்கைரிமுக்கான கருவியான 'கிரியேஷன் கிட்' 2012 பிப்ரவரியில் இலவசமாக வந்தது. குரல் தடையைத் தாண்ட மோடர்கள் இன்னொரு வித்தையைக் கண்டுபிடித்தார்கள். இருக்கிற 60,000 வரிகளைத் துண்டு போட்டு ஒட்டுவது! ஒரு வரியின் தொடக்கம், இன்னொன்றின் முடிவு, மூச்சு விடும் இடத்தில் ஒரு வெட்டு. அதே நடிகரின் குரலில், அவர் ஒருபோதும் சொல்லாத வாக்கியம் பிறக்கிறது. 'ரிலேஷன்ஷிப் டயலாக் ஓவர்ஹால்' என்ற மோட், உள்ளே கிடந்த குரல்களை வைத்தே நண்பர்களையும் துணைவர்களையும் ஆயிரக்கணக்கான வரிகள் கூடுதலாகப் பேசவைக்கிறது.

மோட்கள் பெருகியபோது எதிர்பாராத ஒரு சுவரும் எதிரே வந்தது. ஆப்ளிவியன் முதல், கேமில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்க அடையாள எண். 0 முதல் 9 வரையும், பிறகு ஏ முதல் எஃப் வரையும் பதினாறு குறிகள் கொண்ட பதினறும முறையில் அது எழுதப்படும். முதல் இரண்டு இலக்கங்கள் அந்தப் பொருள் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. அதில் ஒன்று, விளையாடும்போது புதிதாக உருவாகும் பொருட்களுக்கு ஒதுக்கீடு. ஆக, மூலக் கோப்பையும் சேர்த்து 255 செருகுநிரல்கள்; அதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது. இரண்டு இலக்கம் போதும் என்று என்றோ எடுத்த முடிவு, பல ஆண்டுகள் கழித்து ரசிகர்களின் கையைக் கட்டியது. 2016-ல் வந்த ஸ்கைரிமின் சிறப்புப் பதிப்பில் பின்னர் ஒரு வழி பிறந்தது. 256 இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அதை அடுத்த மூன்று இலக்கங்களால் 4,096 அறைகளாகத் தடுத்தார்கள். ஒரே ஓர் இருக்கையில் நாலாயிரம் பேர்! அறை சிறியது என்பதால் சிறு மோட்கள் மட்டுமே அதில் அடங்கும்.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் வெளிவந்த சில படைப்புகளை மோட் என்று சொல்லவே நா கூசும். ஜெர்மனியின் ஷ்யூர்ஏஐ குழு 2016-ல் வெளியிட்ட 'எண்டெரல்', ஸ்கைரிமின் எலும்புக்கூட்டின் மேல் புதிய உலகத்தையும் புதிய கதையையும் எழுப்பியது. முழுக்கவும் குரல் கொடுத்து, ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும். ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராக இருந்த நிக் பியர்ஸ் 2015-ல் வெளியிட்ட 'தி ஃபர்காட்டன் சிட்டி' என்ற மோட், மறு ஆண்டே அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்றது. ஒருவர் செய்யும் பாவத்துக்கு ஊரே அழியும் என்ற விதி கொண்ட பாதாள நகரம் அது. அதில் சண்டையைவிடப் பேச்சுக்கே வேலை அதிகம். 2021-ல் அது ஸ்கைரிமின் துணை இல்லாமல் தனி கேமாகவே வந்தது. மறுபக்கம், மோரோவிண்டை ஸ்கைரிமுக்குள் மறுபடி கட்டும் 'ஸ்கைவிண்ட்' திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அன்று எழுத்தாக இருந்த அத்தனைக்கும் இன்று தன்னார்வலர்கள் குரல் கொடுத்தாக வேண்டும். ஒரே கதைதான்; எழுத்தில் இருந்ததைக் குரலுக்கு மாற்றும் வேலை மலையாக நிற்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து அந்த மலையைக் குடைகிறது. கேமில் இருக்கும் பதிவுகளைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி தந்து, அதே குரலில் எந்த வாக்கியத்தையும் பேசவைக்கும் கருவிகளை மோடர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். வெட்டி ஒட்டும் காலம் முடிகிறது. ஆனால் குரல் நடிகருக்குச் சொந்தமானது. தான் பேசாததைத் தன் குரல் பேசுவதற்கு அவர் ஒப்புக்கொண்டாரா என்ற கேள்விக்கு எந்த மென்பொருளும் பதில் சொல்லாது.

தொடரின் ஆறாம் பாகத்தை 2018-ல் அறிவித்தார்கள். அது எப்படி இருக்கும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் காட்சியின் அழகைப் பற்றிப் பேசுகிறார்கள். காட்சி எப்போதுமே பழசாகிவிடும். மோரோவிண்டின் முகங்கள் இன்று மரப்பாச்சியாகத்தான் தெரிகின்றன. ஆனாலும் அதற்குள் இன்றைக்கும் புதுப்புது நகரங்கள் முளைக்கின்றன. ஆறாம் பாகம் கைக்கு வந்ததும் மோடர்கள் முதலில் தேடப்போவது டிராகனை அல்ல, அட்டவணையை. அதில் ஒரு வரியைச் சேர்க்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைப் பொறுத்து, அந்த கேம் இருபது ஆண்டுகள் நிற்குமா இரண்டே ஆண்டுகளில் ஓயுமா என்று சொல்லிவிடலாம்.